‘உருவாக்கிய நாள்’ என்ற சொல்லை நம்பலாமா? கோப்பின் தேதியும் நூலின் காலமும்



இந்த முறை ஒரு கவிதையையோ நாவலையோ திறனாய்வு செய்யப் போவதில்லை. ஒரே ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணினியில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளைத் திறந்து பாருங்கள். மூன்று தேதிகள் வரும்: உருவாக்கிய நாள், மாற்றிய நாள், அணுகிய நாள். இவற்றில் முதலாவதை நம்பி நான் ஒரு மாணவியைத் திருடி என்று நினைத்தேன். அதை வகுப்பிலேயே சொல்லியும்விட்டேன். ஆகவே இது எனக்கு வெறும் கணினிப் பாடம் இல்லை.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் படிவ மாணவர்கள் இருவர் இடுபணி கொண்டுவந்தார்கள். இருவர் கட்டுரையிலும் மூன்று பக்கம் ஏறக்குறைய ஒன்று. தோட்டப்புறச் சிறுகதைகளைப் பற்றிய அலசல் அது. ஒரே எடுத்துக்காட்டு, ஒரே வரிசை, ஓரிடத்தில் ஒரே எழுத்துப்பிழைகூட இருந்தது. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள்?

மாணவி சிலிபின் பக்கத்திலிருந்து வருபவள். மாணவன் வேறு வட்டாரம். இருவரும் விரலியில்தான் கொடுத்தார்கள். இரண்டையும் கணினியில் செருகித் தேதியைப் பார்த்தேன். மாணவனின் கோப்பு உருவாக்கிய நாள் திங்கட்கிழமை. மாற்றிய நாள் ஞாயிறு இரவு. மாணவியின் கோப்பு உருவாக்கிய நாள் புதன்கிழமை காலை. மாற்றிய நாள் செவ்வாய் இரவு. எந்தத் தேதியை எடுத்தாலும் மாணவன்தான் முந்தி. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “டீச்சர், நான் செவ்வாய்க்கிழமை ராத்திரி வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்தேன். திருத்துனா தேதி பிந்தத்தானே செய்யும்?”

நான் அதைக் காதில் வாங்கவில்லை. “கணினி பொய் சொல்லாது” என்றேன்.

பிறகு கணினிப் பாடம் போதிக்கும் நண்பர் ஒருவர் இரண்டு கோப்புகளையும் திறந்து, வெளியே தெரியும் தேதியைப் பார்க்காமல், ஆவணத்தின் உள்ளே பதிந்திருக்கும் விவரத்தைப் பார்த்தார். மாணவனின் கோப்பிலேயே ஆக்கியோர் பெயர் என்று ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அது மாணவியின் அக்காள் பெயர். அக்காளின் மடிக்கணினியில்தான் அவள் மூன்று வாரமாக எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், “மாதிரிக்கு ஒண்ணு அனுப்பு” என்று மாணவன் கேட்க, அவளும் புலனத்தில் அனுப்பியிருக்கிறாள். அவன் பெயரை மாற்றி, சில வரிகளைத் தட்டிக்கொட்டி, அன்று இரவே முடித்துவிட்டான். அவளோ அதன் பிறகும் இரண்டு நாள் திருத்தியிருக்கிறாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திருத்தியவளுக்குத் தேதி பிந்தியது. திருடியவனுக்குத் தேதி முந்தியது.

ஒரு பெயரெச்சம் செய்த வேலை

நான் தமிழாசிரியை. என் தவறை இலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கே புரிகிறது. ‘உருவாக்கிய நாள்’ என்பதில் ‘உருவாக்கிய’ என்பது பெயரெச்சம். அது காலத்தைக் காட்டும், வினையைக் காட்டும். ஆனால் எழுவாய் வெளியே தெரியாது. யார் உருவாக்கியது? எதை உருவாக்கியது? அந்த வெற்றிடத்தில் நாமே ‘மாணவன் கட்டுரையை’ என்று போட்டு நிரப்பிக்கொள்கிறோம். கணினி அப்படிச் சொல்லவே இல்லை. அது சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சேமிப்பகத்தில், இந்தக் கோப்புக்கான பதிவு எழுதப்பட்ட நாள் இது.

இதைப் பள்ளி வழக்கில் சொல்கிறேன். ஒரு மாணவர் வேறு பள்ளியிலிருந்து மாறி வருகிறார். நம் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு தேதி எழுதுகிறோம். அது அவர் பிறந்த தேதியா? இல்லை. நம் பள்ளிக்கு வந்த தேதி. விண்டோஸில் ஒரு கோப்பை விரலிக்குப் படியெடுக்கும்போது நடப்பதும் இதுதான். ‘உருவாக்கிய நாள்’ புதிதாக, படியெடுத்த நொடியில் விழும். ‘மாற்றிய நாள்’ மட்டும் பழையபடியே கூட வரும். அதனால்தான் மாணவனின் கோப்பு ஞாயிறு இரவு ‘மாற்றப்பட்டு’, திங்கட்கிழமை ‘உருவாக்கப்பட்டது’. பிறப்பதற்கு முன்பே திருத்தம் கண்ட குழந்தை! அந்த முரண் கண்ணெதிரே இருந்தது. நான் பார்க்கவில்லை. உருவாக்கிய நாள் மாற்றிய நாளுக்குப் பிந்தியதாக இருந்தால், அது பெரும்பாலும் ஒரு படி என்பதற்கே அடையாளம். என் மேசையில் இருந்த இரண்டுமே படிகள்தாம்.

ஒரே சேமிப்பகத்துக்குள் ஒரு கோப்பை ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்கு நகர்த்தினால் உருவாக்கிய நாள் மாறாது; படியெடுத்தால் மாறும். இணையத்திலிருந்தோ புலனத்திலிருந்தோ இறக்கினால் பெரும்பாலும் எல்லாத் தேதியும் இறக்கிய நேரமாகிவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பை அழித்துவிட்டு, 15 வினாடிக்குள் அதே இடத்தில் அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கினால், அழிந்த கோப்பின் உருவாக்கிய நாளையே புதியதற்கும் கொடுத்துவிடும். சேமிக்கும் முறையில் பழைய கோப்பை நீக்கிப் புதியதை எழுதும் செயலிகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே பழைய கோப்புக்குப் புதுத் தேதியும் வரும், புதுக் கோப்புக்குப் பழைய தேதியும் வரும்.

என் கருத்தில் அந்தச் சொல்லே பிழை. ‘இங்கு வந்த நாள்’ என்று எழுதியிருந்தால் நான் தடுமாறியிருக்க மாட்டேன்.

தேதிகள் எங்கே எழுதப்படுகின்றன?

கோப்பின் தேதிகள் கட்டுரைக்குள் இருப்பதில்லை. சேமிப்பகத்தில் கோப்பு முறைமை என்று ஒன்று உண்டு. அது கோப்புகளுக்கான பதிவேட்டை வைத்திருக்கிறது. கட்டுரை மாணவர் என்றால், தேதி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மாணவர் வீட்டுக்குப் போகும்போது பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போவதில்லை அல்லவா? கோப்பு வேறிடத்துக்குப் போகும்போது பழைய பதிவேடும் கூடப் போவதில்லை. போன இடத்தில் புதுப் பதிவு.

பதிவேடுகளும் ஒரே மாதிரி இல்லை. பழைய விரலிகளில் இருக்கும் ஃபேட் முறையில் ஆண்டுக்கணக்கு 1980-இல்தான் தொடங்குகிறது. மாற்றிய நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் அதனால் குறிக்க முடியும். அணுகியதற்கு நாள் மட்டும் உண்டு, மணி இல்லை. எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. அந்தக் கணினிச் சுவரில் என்ன மணியோ அதுதான். விண்டோஸ் கணினியின் உள்வட்டில் இருக்கும் என்டிஎப்எஸ் முறை வேறு மாதிரி. 1601 ஜனவரி 1-இலிருந்து, ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் எண்ணிக்கொண்டு வருகிறது. அதுவும் உலகப் பொது நேரத்தில். நாம் பார்க்கும்போது மலேசிய நேரத்துக்கு எட்டு மணி நேரம் கூட்டிக் காட்டுகிறது. அதில் நான்காவது தேதியும் ஒன்று உண்டு: பதிவே மாறிய நேரம். வழக்கமான பண்புச் சாளரத்தில் அது தெரியாது.

யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கணக்கு 1970 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அங்கே நெடுங்காலமாக இருக்கும் மூன்று நேரங்களின் சுருக்கப் பெயர்கள் ஏ-டைம், எம்-டைம், சி-டைம். இந்தச் ‘சி’யைப் பார்த்து உருவாக்கிய நேரம் என்று பலரும் எழுதுகிறார்கள், பயிற்றி நூல்களில்கூட இந்தத் தவறு உண்டு. அது உருவாக்கம் அல்ல, மாற்றம். எம்-டைம் என்பது உள்ளடக்கம் மாறிய நேரம். சி-டைம் என்பது பதிவு மாறிய நேரம். யார் திறக்கலாம் என்ற அனுமதியை மட்டும் மாற்றினால் சி-டைம் நகரும், எம்-டைம் அசையாது. பிறந்த நேரம் என்ற தனிக் கட்டம் இவ்வகை முறைமைகளில் பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

‘அணுகிய நாள்’ இன்னும் மெலிந்தது. ஒரு கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதுவது வட்டுக்கு வீண்சுமை. அதனால் விண்டோஸ் விஸ்டாவில் அதை இயல்பாகவே நிறுத்திவைத்தார்கள். லினக்ஸில் 2009 முதல் ஒரு நடுவழி: முந்தைய அணுகல் தேதி கோப்பின் மாற்றத்துக்கு முற்பட்டதாக இருந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் பழையதாக இருந்தாலோ மட்டும் புதுப்பிக்கும். ஆகவே, “நீ இந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை, பார், தேதி சொல்லுது” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தேதி அப்படி எதையும் சொல்லவில்லை.

‘மாற்றிய நாள்’தான் மூன்றில் ஓரளவு நேர்மையானது. அதுவும் எவ்வளவு மாறியது என்று சொல்லாது. பத்துப் பக்கம் எழுதினாலும் ஒரு நாள்தான். ஒரு காற்புள்ளி போட்டுச் சேமித்தாலும் ஒரு நாள்தான். முன்பிருந்த நாளை அழித்துவிட்டுத்தான் புதிய நாளை எழுதும். மாணவி மூன்று வாரம் பாடுபட்டதில் பதிவேட்டில் மிஞ்சியது செவ்வாய் இரவு மட்டும்.

கடிகாரம் யாருடையது?

இன்னொன்று. கோப்பு முறைமைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கணினி சொல்லும் நேரத்தை எழுதிக்கொள்ளும் எழுத்தர் அது. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினியில், இணைய இணைப்பும் இல்லாவிட்டால், நேற்று எழுதிய கட்டுரைக்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி விழும். வேண்டுமென்றே மாற்றி எழுதவும் கட்டளைகள் உண்டு.

நம் நாட்டுக்கே இதில் அனுபவம் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு நள்ளிரவு 12 ஆயின. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் ஆவதற்காக. அதற்கு முன் நமக்கு உலகப் பொது நேரத்தோடு ஏழரை மணி வித்தியாசம். சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம். ஆண்டும் சப்பானியக் கணக்கு. 1942 என்பது 2602. அக்காலத் தாள் ஒன்றில் 2602 என்று பார்க்கும் மாணவர் அச்சுப்பிழை என்று நினைக்கக்கூடும். பிழை இல்லை. யார் ஆண்டார்கள், யார் கடிகாரம் ஓடியது என்பதற்கு அதுவே சான்று. தேதி என்பது எண் மட்டும் இல்லை. யார் எழுதினார், எந்தக் கணக்கில் எழுதினார் என்று தெரிந்தால்தான் அதற்குப் பொருள்.

நம் முன்னோர் இதைச் சரியாகச் செய்தார்களா?

இந்த இடத்தில் தமிழ்ச்சுவடிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பனையோலை இற்றுப்போகும், ஆகவே சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்க வேண்டும். பல சுவடிகளின் இறுதியில் படியெடுத்தவர் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள் எழுதி முடித்தேன் என்று குறித்திருப்பார். அது நூல் பிறந்த நாள் இல்லை. படி முடிந்த நாள். அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ‘எழுதி முடிந்தது’ என்று எழுதுவோர் ‘இயற்றி முடிந்தது’ என்று எழுதவில்லை. எழுதுதல் வேறு, இயற்றுதல் வேறு என்ற வேறுபாடு நம் மொழியில் அன்றே தெளிவாக இருந்தது.

சோழநாட்டில் செம்பியன் மாதேவியார் காலத்தில் பழைய செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக எடுத்தபோது, பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். அப்படி வெட்டியவற்றில் இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் சேர்த்தார்கள். எழுத்து வடிவம் புதியது, செய்தி பழையது என்பதை வருங்காலத்துக்குச் சொல்லிவைத்தார்கள். என் விரலிக்கு அந்த அறிவு இல்லை.

குறையும் இருந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் பெயர் மட்டும் எழுதினால் பிரபவ என்பது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ என்று தெரியாது. ஃபேட் முறையில் நாட்டு நேரம் இல்லாத குறைக்கு இதை ஒப்பிடலாம். தென்மாவட்டச் சுவடிகளில் கொல்லம் ஆண்டு கொடுத்திருந்தால் 825-ஐக் கூட்டிக் கணக்கிட முடியும்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு இங்கே நேரடியாகப் பயன்படும் ஒன்று. புறநானூற்றைத் திறந்தால் முதலில் நிற்பது கடவுள் வாழ்த்து. அதைப் பாடியவர் பாரதம் பாடிய பெருந்தேவனார். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு ஆகியவற்றுக்கும் அவர்தாம் கடவுள் வாழ்த்துப் பாடினார். தொகையில் முதலில் நிற்கும் பாட்டு, காலத்தால் மற்றப் பாடல்களுக்குப் பிந்தியது. பாடிய காலம் ஒன்று, தொகுத்த காலம் ஒன்று, வாழ்த்துச் சேர்ந்த காலம் ஒன்று, உரை எழுந்த காலம் ஒன்று. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-இல். இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டி “இதுதான் புறநானூற்றின் காலம்” என்று எழுதினால், நான் விரலியில் பார்த்துச் செய்த அதே தவறு.

அச்சுக்காலம் வந்ததும் நமக்கு நல்ல பழக்கம் ஒன்று வந்தது. முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, திருத்திய பதிப்பு, மறு அச்சு என்று பிரித்துச் சொல்லும் பழக்கம். சீவக சிந்தாமணியை ஐயர் 1887-இல் வெளியிட்டார். 1907-இல் இரண்டாம் பதிப்பு. அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அவர் மறைந்தது 1942-இல், நூலானது 1950-இல். இத்தனை தேதியும் தேவை. 1950 என்று மட்டும் வைத்துக்கொண்டால், விடுதலை பெற்ற இந்தியாவில் இருந்துகொண்டு அவர் எழுதினார் என்று ஆகிவிடும். கோப்பு முறைமைக்குள்ள ஒற்றை ‘மாற்றிய நாள்’ கட்டத்தில் இதை எப்படி அடைப்பது?

மேற்கோள் பட்டியலில் வரும் பிழை

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். இடுபணிகளின் மேற்கோள் பட்டியலில் ‘புதுமைப்பித்தன் (2015)’ என்ற மாதிரி வரிகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புதுமைப்பித்தன் 1948-இல் காலமானார். பிள்ளைகள் சோம்பேறித்தனத்தால் செய்வது மட்டும் இல்லை இது. இறக்கிய கோப்பில் 2015 என்று இருக்கிறது, அவர்கள் அதை நம்புகிறார்கள். நான் நம்பினேனே!

இது மேற்கோள் வடிவத்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்கும் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். திறனாய்வே கெட்டுப்போகும். ‘துன்பக்கேணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர்களைப் பற்றிய கதை, 1930-களில் எழுதப்பட்டது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிந்துவிட்டது. கங்காணி வழியாக ஆள் பிடிப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்து, 1938-இல் இந்திய அரசு தடை போட்டபோதுதான் நின்றது. அதாவது அந்தக் கதை எழுதப்பட்டபோது கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் இருந்தன. நடந்துகொண்டிருக்கும் கொடுமையைப் பற்றி ஒருவர் எழுதுவதும், 80 ஆண்டு கழித்து நினைத்துப் பார்த்து எழுதுவதும் ஒன்றா? முன்னது குற்றச்சாட்டு, பின்னது நினைவு. தேதியைத் தவறாகப் போட்டால் மாணவர் குற்றச்சாட்டை நினைவாகப் படிப்பார்.

நம் மலேசியச் சிறுகதைகளுக்கும் இது பொருந்தும். தோட்டத் துண்டாடலுக்கு முன்பு எழுதிய கதையா, பின்பா? 1957-க்கு முன்பா, பின்பா? 1969-க்கு முன்பா, பின்பா? சிவப்பு அடையாள அட்டையும் வேலை பெர்மிட்டும் வரும் கதையில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு வரிகூடத் திறனாய்வு எழுத முடியாது. ஆனால் என் அலமாரியில் இருக்கும் சில தொகுப்புகளில் தொகுப்பு வந்த ஆண்டு மட்டும் உள்ளது. கதை முதலில் எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்ற குறிப்பு இல்லை. அச்சு நூலே இங்கே மோசமான விரலியைப் போல நடந்துகொள்கிறது. ‘இங்கு வந்த நாள்’ இருக்கிறது, பிறந்த நாள் இல்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. பழைய இதழைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இனி எளிதாகச் சொல்ல முடியாது. தொகுப்பாசிரியர்கள் இந்த ஒரு வரியைச் சேர்ப்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை முன்னால் கொடுக்கிறார்கள். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய நாளையும் பெரும்பாலும் குறிக்கிறார்கள். பழைய ஏடெழுதியவர்களின் வழக்கம் இது. அந்தத் தேதி, கோப்புக்குள்ளேயே எழுத்தாக இருப்பதால், எத்தனை விரலி மாறினாலும் அழியாது. ஆனால் அது மின்படியின் தேதி. நூலின் தேதி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் தேதியே வேண்டாமா?

“எல்லாமே பொய்னா எதைத்தான் பார்க்கிறது?” என்று கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. கோப்பு முறைமை தனக்குத் தெரிந்ததை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறது. நாம் கேட்ட கேள்விதான் வேறு. நான் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். வேறு நல்ல முறை இருந்தால் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு:

1. தேதியைப் பார்க்கும் முன், இந்தக் கோப்பு என் கைக்கு எந்த வழியாக வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். புலனமா, விரலியா, மின்னஞ்சலா?

2. உருவாக்கிய நாள் மாற்றிய நாளுக்குப் பிந்தி இருந்தால் அது படி. யார் முந்தி எழுதினார் என்பதற்கு அதைச் சான்றாக்காதீர்கள்.

3. ஆவணத்தின் உள்ளே உள்ள ஆக்கியோர் பெயரையும் கடைசியாகத் திருத்தியவர் பெயரையும் பாருங்கள். அதுவும் முடிவான சான்று அல்ல. குடும்பத்தில் ஒரே கணினியை நால்வர் பயன்படுத்துவார்கள். கடையில் தட்டச்சு செய்தவர் பெயரும் வரும். ஆனால் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைக்கும்.

4. முடிந்தவரை கூகுள் ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள். அதன் பதிப்பு வரலாறு, திருத்தங்களைக் கட்டம் கட்டமாக நேரத்தோடு வைத்திருக்கும். பழைய நாளை அழித்துப் புதிய நாளை எழுதும் வேலை அங்கே இல்லை.

5. கடைசியாக, மாணவரைப் பேசச் சொல்லுங்கள். “இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்?” என்று கேட்டால், எழுதியவர் பதில் சொல்வார். இது எந்தக் கணினியும் செய்யாத சோதனை. நான் இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு:

1. மின்னூலை மேற்கோள் காட்டும்போது மூன்று தேதியைத் தேடுங்கள்: படைப்பு முதலில் வெளிவந்த ஆண்டு, நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு, இணையத்தில் பார்த்த நாள். கோப்பின் பண்புகளில் இருக்கும் தேதியை எழுதாதீர்கள்.

2. வரைவுகளை அழிக்காதீர்கள். ‘வரைவு 1’, ‘வரைவு 2’ என்று தனித்தனியாக வையுங்கள். உங்கள் கையெழுத்துக் குறிப்பேடும் சான்றுதான்.

3. நண்பருக்கு ‘மாதிரிக்கு’ அனுப்புவதை யோசித்துச் செய்யுங்கள். உதவி வேண்டுமென்றால் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், கோப்பைக் கொடுக்காதீர்கள்.

அந்த மாணவியின் மதிப்பெண் பட்டியல் அப்போது இன்னும் அனுப்பப்படவில்லை. அதனால் சரிசெய்ய முடிந்தது. குற்றம் சாட்டியது வகுப்பின் முன்னால். ஆகவே மன்னிப்பையும் வகுப்பின் முன்னால்தான் கேட்டேன். அவள் “பரவால்ல டீச்சர்” என்றாள். அதன் பிறகு சில நாள் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அந்தச் சில நாள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த முறை ஒரு பிள்ளையின் கோப்பைத் திறந்து தேதியைப் பார்க்கும்போது, அவள் கேட்ட கேள்வியை நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தினால் தேதி பிந்தத்தானே செய்யும்? திருத்தி எழுது, திருத்தி எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம்தானே.